பின்வரிசைக்கு எத்தனை மீட்டர்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு கிராமத்துப் பொட்டலில், நூறு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் சொந்த மைக்கைப் பிடித்து, என் சொந்த ஸ்பீக்கரில், "தப்பு என்னுது" என்று நானே அறிவித்தேன்.

நம்ப மாட்டீர்கள். என் வீட்டுக்காரியே நம்பவில்லை. "நீங்களா? ஒங்க வாயாலயா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

அறிவித்ததோடு நிற்காமல் சிரித்தேன் வேறு. அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எழுதும்போதே பேனா குலுங்குகிறது. அப்படி என்னதான் நடந்தது?

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு என் சரித்திரம் மனப்பாடம். புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். விடலைப் பருவத்தில் பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், திரி வெட்டினேன். பிறகு ஒரு மைக் செட் கடையில் குழாய் ஸ்பீக்கர் சுமந்தேன். இன்றைக்கு விருதுநகரில் சொந்தமாக இரண்டு லோடு ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோவில் பொங்கல்... நான் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லாத பொட்டல் இந்த மாவட்டத்தில் கிடையாது. என் செட் பாடினால் ஆலங்குளம் சிமெண்டு ஆலைச் சங்கே அடங்கிப் போகும் என்று சொல்வார்கள். யார் சொல்வார்கள்? நான்தான்.

இந்த மாசம் மதுரைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். டிஜிட்டல் ஸ்பீக்கர் பிராசஸர். உயரம் மூன்று விரல்கட்டை. அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. முகத்தில் ஒரு குட்டித் திரை, ஒரு திருகு, வரிசையாகப் பொடிப்பொடி விளக்குகள். நம் பக்கத்து மைக் செட்காரர்களில் முதலில் வாங்கியவன் யார்? அதையும் நானே சொல்ல வேண்டுமா?

அது என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்குச் சிவகாசி பாஷையில் விளக்குவேன். அங்கே பிரஸ்ஸில் சாமி காலண்டர் எப்படி அடிக்கிறார்கள்? படத்தை மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்காகப் பிரிக்கிறார்கள். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்கிறார்கள். எல்லாம் சரியாகச் சேர்ந்து விழுந்தால் முருகன் சிரிப்பார். ஒரு கலர் நூலளவு நகர்ந்தாலும் முருகனுக்கு இரண்டு மூக்கு!

என் பெட்டியும் அதைத்தான் செய்கிறது, சத்தத்தை வைத்து. தடித்த சத்தத்தைப் பிரித்துப் பெரிய பாஸ் பெட்டிக்கு அனுப்பும். நடுச் சத்தத்தை நடு ஸ்பீக்கருக்கு. கீச்சுச் சத்தத்தை ஹாரனுக்கு. அவரவர் இலையில் அவரவர் சாப்பாடு. முன்பெல்லாம் எல்லாச் சத்தத்தையும் எல்லா ஸ்பீக்கருக்கும் திணித்துவிடுவோம். ஹாரனுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகி, பொசுங்கின வாடை வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு சமாச்சாரம், லிமிட்டர். மைக்கில் யாராவது அளவுக்கு மேல் கத்தினால் பெட்டியே தலையில் தட்டி உட்கார வைத்துவிடும். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கட்சிக் கூட்டத்துக்கு மைக் கட்டுகிற எவனும் இந்த ஒரு காரணத்துக்காகவே பெட்டியை வாங்கலாம்.

மூன்றாவது சமாச்சாரம்தான் என் மானத்தை வாங்கியது. அதன் பெயர் டிலே, ஸ்பீக்கரைக் கொஞ்சம் பிந்திப் பேச வைக்கிற வேலை.

விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பாதி வீட்டில் பட்டாசு ஆபீஸ் வேலை, மீதி வீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. அம்மன் கோவில் பொங்கலில் முளைப்பாரிக் கும்மிக்கு என் செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். புதுப் பெட்டிக்கு அதுதான் முதல் மேடை. நானும் என் மச்சினன் கணேசனும் மத்தியானமே போய் இறங்கிவிட்டோம். கணேசனுக்கு ஐம்பது வயது. என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவன் என்பதால் பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் அவன் பொறுப்பு. டவுன் பஸ் போர்டு மாதிரி எழுத்தெழுத்தாகப் படிப்பான்.

பொட்டலின் ஒரு முனையில் கோவில், அதையொட்டி மேடை. மறு முனையில் பழைய சுமைதாங்கிக் கல். மேடையோரம் மேலத் தெருப் பெண்கள் ஒரு வட்டம் போடுவார்கள். சுமைதாங்கிப் பக்கம் கீழத் தெருப் பெண்கள் இன்னொரு வட்டம். அதனால் மேடைக்குப் பக்கத்தில் பெரிய செட். சுமைதாங்கிப் பக்கம் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர்.

நான் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து நின்றாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். விரல் நுனியெல்லாம் திரியின் கறுப்பு.

"அண்ணாச்சி, இந்தப் பொட்டி நல்லாப் பேசுமா?"

"தாயி, இது பேசுனா விருதுநகர் வரைக்கும் கேக்கும்."

"விருதுநகர் வேணாம். அந்தா, அந்தச் சொமதாங்கிக்கிட்ட ஒருத்தி நிப்பா. அவளுக்குக் கேட்டாப் போதும்."

அவள்தான் பேச்சியம்மாள். கும்மிக்குப் பாடுகிறவள். பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுகிற வேலை. அந்த ஊர்க் கும்மியில் ஒரு வழக்கம் உண்டு. முளைப்பாரி வளர்த்த ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் பாட்டில் கோத்துப் பாட வேண்டும். பெயர் வந்தவள் ஒரு கை ஓங்கித் தட்ட வேண்டும். அதுதான் மரியாதை.

"போன வருசம் மைக்கு இல்ல அண்ணாச்சி. வெறுந்தொண்டையிலதான் பாடுனேன். மேலத் தெருக்காரிகளுக்குக் கேட்டுச்சு. கீழத் தெருக்காரிகளுக்குக் கேக்கல. 'எங்க பேர விட்டுட்டா'ன்னு கும்மிய நிப்பாட்டி உக்காந்துட்டாளுக. அதுல மொத ஆளு யாருன்னு நெனைக்கீக? என் கூடப் பொறந்த தங்கச்சி! சீனியம்மா. கீழத் தெருவுல கட்டிக் குடுத்துருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல, அடுத்தடுத்த ரூம்புல சரம் பின்னுதோம். ஒரு வருசமா ஒரு வார்த்த கெடையாது. சத்தியமா நான் அவ பேரச் சொன்னேன் அண்ணாச்சி. ரெண்டாவதா சொன்னேன்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் விடுவேனா? "தாயி, இந்தப் பொட்டி இருக்கையில கவலப்படாதீக. ஒங்க தங்கச்சி காதுல வந்து நேராச் சொல்லும்" என்று அடித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவர் சங்கரலிங்கம் வந்தார். கையில் ஒரு சி.டி. "நான் மொதல்லயே சொல்லிட்டேன் அண்ணாச்சி. நாலு மணிக்கு ஒத்திக. சரியா வந்தா பேச்சி பாடட்டும். வரலன்னா சி.டி.தான். மருதையில நல்ல கும்மிப் பாட்டாப் பாத்து வாங்கியாந்துருக்கேன். இதுல எவ பேரும் இல்ல. சண்டையும் இல்ல."

நியாயமான மனிதர். ஒரு வருஷமாக இரண்டு தெருவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். ஆனால் சி.டி. ஓடினால் பேச்சியம்மாள் தன் தங்கை பெயரைச் சொன்னாள் என்று ஊரில் எவருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சி.டி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் இன்னொரு உத்தரவும் போட்டார். "பொட்டலுக்குள்ள வயர் கெடக்கக் கூடாது. பொம்பளைக வெறுங்காலோட ஆடுவாக, தட்டி விட்டுரும்."

ஆகவே வயரைச் சுற்றி விட்டோம். கோவில் மதில் ஓரமாகப் போய், வேப்பமரத்தில் ஏறி, முளைப்பாரிக் கொட்டகையைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கி... சுமைதாங்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு சுருள் முழுசாகத் தீர்ந்துவிட்டது. ஒரு சுருள் தொண்ணூறு மீட்டர்.

பிறகு இணைப்பு. மிக்ஸரிலிருந்து பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும். எல்லாம் முடிந்த பிறகு முதலில் பெட்டிக்குக் கரண்டு, கடைசியில்தான் ஆம்ப்ளிஃபயருக்கு. மாற்றிப் போட்டால் 'டொம்' என்று ஒரு குத்து விழும், ஸ்பீக்கர் கிழிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாஸ் எங்கே வெட்ட வேண்டும், ஹாரன் எங்கே தொடங்க வேண்டும் என்று திருகிக்கொண்டே போனேன். கணேசன் வாயைப் பிளந்து பார்த்தான். கடைசியாகத் திரையில் வந்து நின்றது டிலே.

மதுரைக் கடைக்காரர் சொல்லியிருந்தார்: "பின்னாடி இருக்கிற ஸ்பீக்கர் எவ்வளவு தூரமோ அந்த மீட்டரைப் போடுங்க அண்ணாச்சி. மிச்சத்தைப் பெட்டியே பாத்துக்கும்."

எவ்வளவு தூரம்? எனக்கா தெரியாது? திரி வெட்டிய கை இது. நீளத் திரி என்றால் வெடி பிந்தி வெடிக்கும். குட்டைத் திரி என்றால் ஓடுவதற்குள் வெடிக்கும். நீளம்தான் நேரம். அந்தக் கணக்கு என் ரத்தத்தில் ஊறியது. இரண்டு சுருள் வயர்... நூற்று எண்பது மீட்டர். போட்டேன்.

"அத்தான், கரெக்டா?" என்றான் கணேசன்.

"மாப்ளே, கேள்வி கேக்காத. பாத்துக் கத்துக்க."

நாலு மணிக்கு ஒத்திகை. இரண்டு வட்டமும் நின்றன. பேச்சியம்மாள் மேடையேறி மைக் முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"மாரியம்மா வளத்த முள மஞ்சளாத் தழச்சிருக்கு... சீனியம்மா வளத்த முள சீரு கொண்டு வந்திருக்கு..."

மேடைப் பக்கம் தேன். என் செட் அல்லவா! பாஸ் வயிற்றில் தட்டியது, குரல் கண்ணாடி மாதிரி நின்றது. நான் மார்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் பார்த்தேன்.

பார்த்தால்... முன் வட்டம் குனிகிறது, பின் வட்டம் நிமிர்கிறது. முன் வட்டம் நிமிர்கிறது, பின் வட்டம் குனிகிறது. மேலத் தெருக் கை தட்டி முடித்த பிறகு கீழத் தெருக் கை தட்டுகிறது. நமுத்துப்போன சரம் வெடிப்பது மாதிரி பட்... படபட்... பட். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பேச்சியம்மாள் பாட்டை மெதுவாக்க, அதற்காக முன் வட்டம் காத்திருக்க, பின் வட்டத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள்.

அதோடு போயிற்றா? சுமைதாங்கிப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"பாத்தீகளாடீ! போன வருசம் பேரே சொல்லல. இந்த வருசம் ரெண்டு ரெண்டு தடவ சொல்லி நையாண்டி பண்ணுதா!"

"சீனியம்மா... னியம்மாவாம்! அக்காகாரி பழிப்புக் காட்டுதா பாரு!"

வட்டத்தின் நடுவில் ஒல்லியாக ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யார் என்று நான் கேட்கவில்லை. மூக்கு அப்படியே பேச்சியம்மாள் மூக்கு.

தலைவர் மேடையேறினார். "பேச்சி, தாளம் தப்புது. போதும்."

இப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. "மைக்கப் பாத்ததும் பயந்துட்டாக போல" என்றேன். என் பெட்டி தப்பு செய்யுமா? புதுசாயிற்றே!

பேச்சியம்மாள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. காதைச் சாய்த்துக்கொண்டு, "நான் தப்பல அண்ணாச்சி. எனக்குப் பின்னால ஒருத்தி பாடுதா" என்றாள்.

"பேய் கீய் பிடிச்சிருச்சா?" என்றான் கணேசன்.

"அங்கன போய்க் கேக்கேன். நீக மைக்குல ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க."

மேடையை விட்டு இறங்கிப் பொட்டலைக் குறுக்காகக் கடந்து போனாள். தங்கையைக் கடந்துதான் போக வேண்டும். இருவரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பீக்கருக்கு அடியில் நின்று கணேசன் எண்ணியதைக் கேட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அந்த ஸ்பீக்கரு ரொம்பப் பிந்திப் பேசுது. மேடைச் சத்தம் வந்து போன பொறவு அது வருது. எம்புட்டுப் போட்டுருக்கீக?"

"நூத்தி எம்பது மீட்டர்."

"இந்தப் பொட்டலே அம்புட்டுக் கெடையாதே?"

"ரெண்டு சுருள் வயர் தாயி. நானே நின்னு விட்டேன்."

வேப்பமரத்தில் ஏறி இறங்கிய வயரைப் பார்த்தாள். கொட்டகையைச் சுற்றியதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஏன் அண்ணாச்சி... மேடச் சத்தம் காத்துலதான வருது? ஒங்க வயருக்குள்ள நடந்தா வருது?" என்றாள்.

எனக்கு உச்சந்தலையில் யாரோ தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது.

நாற்பது வருஷத்தில் எத்தனை ஷாக் வாங்கியிருப்பேன்! எந்த ஷாக்காவது வயர் நீளம் என்பதற்காகப் பிந்தி வந்திருக்கிறதா? மறுமுனையில் கணேசன் சுவிட்சைத் தட்டுவான், இங்கே நான் துள்ளுவேன். வயரில் கரண்டு அந்தக் கணமே போய்விடும். நடந்து வருவது காற்றில் வருகிற சத்தம்தான். மேடைச் சத்தம் சுமைதாங்கிக்கு நடந்து வந்து சேருகிற வரைக்கும் பின் ஸ்பீக்கர் பொறுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பேச வேண்டும். அவ்வளவுதான் டிலே. நானோ அதை மூன்று மடங்கு காக்க வைத்துவிட்டேன்.

"ஆபீஸ்ல போர்மேன் வெடி டெஸ்ட் பண்ணும்போது பாத்ததில்லையா?" என்றாள். "மின்னுறது மொதல்ல தெரியும். சத்தம் பொறவு வரும். தள்ளி வச்சா இன்னும் பிந்தும். சரம் பின்னுத அம்புட்டுப் பேருக்கும் தெரியுமே."

எனக்கும் தெரியும். அதே மாதிரி ஆபீஸில், அதே மாதிரி வாசலில் நின்று பார்த்தவன்தான். திரி ஞாபகம் இருந்தது. மின்னினது மறந்துவிட்டது!

தலைவர் சி.டி. பிளேயருக்கு வயர் கேட்டார். "அரை மணி நேரம் குடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நான் கும்பிட்டதைப் பார்த்தே அவர் பயந்து சம்மதித்துவிட்டார்.

தூரத்தை அளந்து போட்டால் முடிந்தது என்பீர்கள். பேச்சியம்மாள் ஒப்பவில்லை. காதால் கேட்டால்தான் நம்புவாளாம். "ஓல வெடி இருக்கா?" என்றாள். அந்த ஊரில் இப்படி ஒரு கேள்வியா? நாலு பக்கத்திலிருந்தும் நாலு கட்டு வந்தது.

ஏற்பாடு இதுதான். மைக்குக்குப் பத்தடி தள்ளிக் கணேசன் ஓலை வெடியைப் போடுவான். பேச்சியம்மாள் சுமைதாங்கிக் கல்மேல் ஏறி நிற்பாள். வெடி இரண்டாகக் கேட்டால் இரண்டு விரல், ஒன்றாகக் கேட்டால் ஒரு விரல். நான் பெட்டியின் திருகைப் பிடித்திருப்பேன்.

நூற்று நாற்பது. பட்! இரண்டு விரல்.

நூறு. பட்! இரண்டு விரல்.

லிமிட்டரின் சிவப்பு விளக்கு வெடிக்கு வெடி மின்னி அடங்கியது. ஸ்பீக்கருக்கு ஒரு கீறல் இல்லை. நல்ல பெட்டி. புத்திதான் என்னுடையது.

வெடிச் சத்தம் கேட்டு ஊர்ப் பெருசுகள் துண்டை உதறிக்கொண்டு வந்தார்கள். "கும்மி ஆரம்பிச்சாச்சா?" "இல்ல, அண்ணாச்சி பொட்டிக்கு வைத்தியம் பாக்காக." கீழத் தெருப் பெண்களும் சண்டையை ஒத்தி வைத்துவிட்டு விரல் எண்ண ஆரம்பித்தார்கள்.

எண்பது. பட்! ஒரு விரல் நேராக, இன்னொன்று பாதி மடங்கி. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. ஊரே சிரித்தது.

எழுபது. மடங்கின விரல் இன்னும் மடங்கியது.

அறுபது. பட்! ஒரே விரல். கொடிமரம் மாதிரி நேராக நின்றது.

ஆசை யாரை விட்டது? ஐம்பதுக்கும் திருகிப் பார்த்தேன். இரண்டாவது விரல் சந்தேகத்தோடு மெல்ல எட்டிப் பார்த்தது. பேசாமல் அறுபதுக்கே வந்துவிட்டேன். பிறகு மேடையிலிருந்து சுமைதாங்கி வரை எட்டு வைத்து நடந்தேன். எண்பது எட்டு. என் எட்டுக்கு அறுபது மீட்டர்தான்! கும்மிக்காரியின் காது அளவு நாடா மாதிரி, ஒரு நூல் பிசகவில்லை.

ஆனால் உட்கார்ந்தவள் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தாள். பெட்டி திருந்திவிட்டது. அக்காள் பழிப்புக் காட்டினாள் என்ற பேச்சு திருந்தவில்லையே? அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்தப் பொட்டலில் ஒருவன்தான். அவனுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை.

மைக்கைப் பிடித்தேன்.

"கீழத் தெருத் தாய்மார்களே! பேரு ரெண்டு தடவ கேட்டது பேச்சியம்மா குத்தமில்ல. அவுக தாளமும் தப்பல. தூரத்தப் போடச் சொன்ன எடத்துல நான் வயர் நீளத்தப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

 பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்புட்டு நீள வயர எதுக்கு அண்ணாச்சி வாங்குனீக?"

பொட்டல் வெடித்துச் சிரித்தது. அப்போது எனக்கும் பிடித்துக்கொண்டதுதான் இந்தச் சிரிப்பு.

தலைவர் சி.டி.யைத் தூக்கிக் காட்டினார். "ஒரே ஒரு பாட்டு. சண்ட வந்துச்சுன்னா ஒடனே இதப் போட்டுருவேன்."

வெயில் சாய்ந்து, முளைப்பாரிகள் நடுவில் வந்து இறங்கின. இரண்டு வட்டமும் நின்றன. சீனியம்மாளும் யாரோ இழுத்துவிட்டதால் எழுந்து நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. பேச்சியம்மாள் பாடினாள். முன் வட்டமும் பின் வட்டமும் சேர்ந்து குனிந்தன. பெயர் பெயராக வந்தது. மாரியம்மா, ஒரு கை! காளியம்மா, ஒரு கை! மேலத் தெரு முடிந்து கீழத் தெருவுக்குப் போனது. முத்தம்மா, ஒரு கை! தெளிவாக, ஒரே ஒரு தடவை.

தங்கை பெயரைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"சீனியம்மா வளத்த முள சீரு கொண்டு வந்திருக்கு..."

கை வரவில்லை.

மறுபடி சொன்னால் பழிப்புக் காட்டுகிறாள் என்பார்கள். சொல்லாமல் அடுத்த அடிக்குப் போனால் விட்டுவிட்டாள் என்பார்கள். பேச்சியம்மாள் இரண்டும் செய்யவில்லை. கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூறு பேரும் அவளுக்காகத் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தலைவரின் கை சி.டி. பிளேயருக்குப் போனது. அந்த அம்மாவுக்கு எத்தனை மூச்சு! என் திரையில் அளவு காட்டுகிற விளக்குகள் ஆடாமல் அசையாமல் நின்றன.

தூரத்தில் அந்த ஒல்லிக் கைகள் பிரிந்தன. உயர்ந்தன. சேர்ந்தன. அவை சேர்ந்ததைத்தான் முதலில் பார்த்தோம். சத்தம் ஒரு இமைப்பு கழித்து மேடைக்கு வந்து சேர்ந்தது.

பட்!

"கேட்டுருச்சு! மேல பாடு!" என்று கத்தினாள் சீனியம்மாள்.

அப்புறம் நடந்தது கும்மியா, கலவரமா? எனக்குத் தெரியாது. இரண்டு வட்டம் எப்போது ஒரே வட்டமாயிற்று என்றும் தெரியாது. கணேசன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பெண்களுக்கு நடுவில் ஆடியதைப் பார்த்தேன். தலைவர் கை தட்டியதைப் பார்த்தேன். நானும் ஆடினேன் என்று கணேசன் சொல்கிறான். அவன் பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். ஆடியிருந்தாலும் தாளம் தப்பாமல்தான் ஆடியிருப்பேன்.

பாட்டு முடிந்ததும் சீனியம்மாள் விறுவிறுவென்று மேடையேறினாள். அக்காளுக்கு எதிரே போய் நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நீ போன வாரம் எங்க வீட்டுக்குக் குடுத்து விட்ட கொளம்புல உப்பே இல்ல."

"திங்கும்போது தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு. யாருகிட்டச் சொல்ல? நான்தான் ஒங்கூடப் பேசலையே!"

இரண்டு பேரும் மைக்குக்கு நேராகத்தான் நின்றார்கள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் ஒரே ஒரு தடவை, சுத்தமாக, சுமைதாங்கி வரை போய்ச் சேர்ந்தது. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கோ சுற்றி யாரும் இருக்கிற நினைப்பே இல்லை. குழம்பு முடிந்தது. பேச்சில் மருமகள் வந்தாள். போர்மேன் வந்தார். "எங்க வீட்டுக்காரரு இருக்காரே... அந்த மனுசன்..." என்று சீனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். பொட்டலில் ஒரு நடுவயதுக்காரர் பதறி எழுந்தார்.

நாற்பது வருஷமாகச் சத்தத்தைக் கூட்டியே பிழைத்தவன் நான். பெட்டியின் மியூட் பட்டன்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாக அமுக்கினேன். பாஸ் போயிற்று. நடு ஸ்பீக்கர் போயிற்று. ஹாரன் போயிற்று. கடைசியாகப் பின்வரிசை.

மேடையில் இரண்டு வாய்கள் மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன.

"அண்ணாச்சி, கேக்கல! கேக்கல!" என்று ஊரே கத்தியது.

கத்தட்டும்!